முப்பத்தொன்றாம் எண் குவளை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இன்னும் ஒன்பது பாலங்களைச் சோதிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தந்த ஊரின் சிறிய மதுக்கூடத்தில், அவர்களே காய்ச்சிய பீர் அல்லது தேன்மது வாங்கிவைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருப்பேன்.

நேற்று போன தேன்மதுக்கூடத்தில், வாடிக்கைக்காரர்களின் குவளைகள் எண்ணோடும் பெயரோடும் சுவரில் தொங்கின. முப்பத்தொன்றாவதில் உங்கள் கையெழுத்தில் உங்கள் பெயர், ‘வெண்டல்’. கீழே நீங்கள் எப்போதும் வரையும் மீன்.

யார் இது என்று கேட்டேன். பரிமாறிய மார்லிஸ் அம்மாள் சிரித்தார். “வெண்டலா? செவ்வாய்க்கிழமை தவறாம வருவாரு கண்ணு. வீட்டுல மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வருவாராம். போறப்ப கடையில மீன் வாங்கிக்குவாரு. கில்லாடி!”

நானும் சிரித்துவைத்தேன். மகள் என்று சொல்லவில்லை. அங்கிருந்து வீடு ஒன்றரை மணி நேரம்தான். வரத் தோன்றவில்லை.

நீங்கள் குடியை விட்டு மூன்று வருடம் ஆகிவிட்டதாக அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். புதன்கிழமைதோறும் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் பிடித்த மீனின் ருசியைச் சொல்வாள்.

இங்கே குளிர். சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்புங்கள். அம்மா கண்ணில் படாதிருக்க, இந்தக் கடிதத்தை உங்கள் பட்டறை முகவரிக்கே அனுப்புகிறேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அடுத்த புதன்கிழமைக்குள் நீங்களே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மீன் எப்படி இருந்தது என்று இனி என்னால் கேட்க முடியாது.

உங்கள் நெல்டா