வங்கியின் வாக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

பங்குச்சந்தையில் விற்கும் குறியீட்டு நிதி (இன்டெக்ஸ் ஃபண்ட்) எளிய முதலீடா, சிக்கலானதா என்று கேட்டீர்கள். பொதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் நலம். முட்டிவலி குறைந்ததா?

முதலீடுகளை எளியது, சிக்கலானது என்று வகைப்படுத்தும் என் மேசைக்கும் அப்படி ஒரு நிதி வந்திருக்கிறது. ‘எளியது’ என்று நான் கையெழுத்திட்டால், வாங்குபவருக்குப் புரிகிறதா என்று கேட்காமலே விற்கலாம். பல நிதிகள் பங்குகளையே வாங்கி வைக்கும். இதனிடம் இருப்பதோ, சந்தை ஏறினால் அதற்கு ஈடாகப் பணம் தருவதாக ஒரு வங்கி கொடுத்த வாக்கு மட்டும்.

“பேர்லயே இன்டெக்ஸ்னு இருக்கே மேடம், இதுல என்ன சிக்கல்?” என்றார் விற்பனை அதிகாரி.

“அந்த வங்கி விழுந்தா? என்னை உங்கப்பான்னு நினைச்சுச் சொல்லுங்க.”

“அப்பான்னா முதல்ல திட்டு விழும்” என்று சிரித்தார். விற்பவருக்கே விளக்க வராததை எளியது என்பதா? மேலாளர் முகம் சுளித்தாலும் நாளை ‘சிக்கலானது’ என்றே எழுதுவேன். வேலை போகாது, கவலை வேண்டாம்.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். போனில் பேசும்போது டிவியை அணைக்காதீர்கள்; வீட்டுச் சத்தம் கேட்கட்டும். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்

மறுநாள்: தபாலைத் தவறவிட்டேன். சொன்னபடியே ‘சிக்கலானது’ என்று எழுதிவிட்டேன். மதியம் விற்பனை அதிகாரி வந்து, “அந்த ஃபண்டை எங்கப்பாவுக்கு வாங்கிக் குடுத்திருக்கேன் மேடம்” என்றார். அவருடைய அப்பாவுக்கு விளங்கும்படி அந்த நிதியை விளக்கி எழுத இருவரும் உட்கார்ந்தோம். மாலைவரை முடியவில்லை.