படக்கதைகளுக்குப் பின்னால் ஒரு புத்தகம்

அக்கா,

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து அந்துருண்டை வாசனை போகவில்லை. இன்று காலை ஜெனியைத் திண்டிவனம் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பள்ளியில் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்களாம். உன் மாமியாருக்கு முட்டிவலி, உன் வீட்டுக்காரர் சென்னையில் கட்டட வேலையில் இருக்கிறார். அதனால் நான் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தேன். உன் மகள் என்னைச் சித்தி என்கிறாள். உன்னோடு ஒரே மேசையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்ததில் வந்த உறவு அது.

நீ போன பிறகு அந்தப் படியை இன்றைக்குத்தான் மிதிக்கிறேன். ஒன்றும் மாறவில்லை. பென்ஷன்காரர்கள் ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பக்கம் கையில் இருந்தவரை மற்ற மூன்று பேர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நம் அறையில் பத்துப் பதினைந்து பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். நாற்காலியில் தண்ணீர் பாட்டிலை வைத்து இடம் பிடிப்பது இன்னும் நடக்கிறது. உன் நாற்காலியில் யாரோ ஒரு பெண்ணின் துப்பட்டா கிடந்தது. எனக்குச் சண்டை போட வேண்டும் போல இருந்தது. யாரிடம் போடுவது?

நூலகம் என்றால் புத்தகம் படிக்கிற இடம் என்று நினைத்து வந்தவள் நான். உன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புத்தகமே வேண்டாம் என்று தெரிந்தது. முதியோர் உதவித்தொகை நின்றுபோன கிழவிக்கு மனு எழுத வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக விழுந்தவருக்கு அதைத் திருத்த வேண்டும். மகனுக்கு வந்த இங்கிலீஷ் கடிதத்தை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். நூலகர் சார் எல்லோருக்கும் உன்னைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்.

"ஊர் மனுவெல்லாம் எழுதிக்கினு இருந்தா நீ எப்பக்கா படிக்கிறது?" என்று நான் எரிந்து விழுவேன்.

"அவங்க எங்கடி போவாங்க? இங்கதான் யாரும் தொரத்த மாட்டாங்கன்னு வராங்க" என்பாய். அடுத்த மனுவுக்கு அனுப்புநர், பெறுநர் எழுத ஆரம்பித்துவிடுவாய்.

உனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பரீட்சை. உன் வீட்டுக்காரர் கெட்டவரில்லை, ஆனால் கணக்காகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு வாட்டி எழுதிப் பாரு. கெடைக்கலன்னா, ஷூ கம்பெனி வேனு நம்ம தெருவுலதான் வருது, ஏறிக்க." வரலாறும் தமிழும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கு என்றால்தான் முகம் வெளுத்துவிடும். ஆறு பேர் பத்து நாளில் முடிக்கிற வேலையை நாலு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்டால், "அதுல ஒருத்தன் வராம பூட்டா இன்னா பண்றது? அத எவனும் கேக்க மாட்டேங்கறான்" என்பாய். கொத்தனார் பெண்டாட்டிக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும். நான் சிரித்துச் சிரித்து, வெளியே போங்கள் என்று நூலகரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கணக்கையெல்லாம் படிப்படியாகச் செய்துகாட்டுகிற தடிமனான புத்தகம் ஒன்று இருந்தது. ஒரே பிரதி. வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், அங்கேயேதான் படிக்க வேண்டும். நம் அறையில் இதற்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியாததா? மறுநாளும் வேண்டுமென்றால் புத்தகத்தை வேறு அலமாரியில் ஒளித்துவிட்டுப் போவார்கள். பொருளாதாரம் சமையல் குறிப்புகளுக்குப் பின்னால் இருக்கும், அரசியலமைப்பு ஜோதிடத்துக்குள் இருக்கும். மாதம் ஒரு முறை நூலகர் வேட்டைக்குக் கிளம்பி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போட்டு, "ஒளிச்சு வெச்சிப் படிக்கிறவன் ஆபீசரா வந்து இன்னாத்த கிழிக்கப் போறான்?" என்று கத்துவார். எல்லோரும் குனிந்துகொள்வோம். நீ மட்டும் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். நீ எதையும் ஒளித்ததில்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தப் புத்தகத்தை நான் ஒளித்தேன். குழந்தைகள் பகுதியில், கடைசித் தட்டில், படக்கதைப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த மேசைப் பையன்களிடமிருந்துதான் ஒளிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் சீக்கிரம் வந்து எடுத்துப் படிப்பேன், நீ ஜெனியைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருவதற்குள் திரும்ப வைத்துவிடுவேன். பையன்களுக்காக என்றால் உனக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னால் ஆளுக்குப் பாதி நேரம் ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ மூன்று நாள் தேடினாய். அலமாரி அலமாரியாகத் தூசியில் கையை விட்டுத் துழாவினாய். "எங்கடி போச்சி அந்தப் புக்கு? நீ பாத்தியா?" என்று கேட்டாய்.

"தெரியலக்கா. எவனாவது எடுத்துக்கினு பூட்டிருப்பான்" என்றேன். உன் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதத்தைத் தின்றுகொண்டேதான் அதைச் சொன்னேன்.

பிறகு ஒரு வாரம் நீ வரவில்லை. போன் செய்தால் ஜெனிக்குக் காய்ச்சல் என்றாய். அடுத்த வாரம் வந்தாய். என் பக்கத்திலேயே உட்கார்ந்தாய். புத்தகத்தைப் பற்றி அதன் பிறகு நீ கேட்கவே இல்லை.

எனக்கு வேலை கிடைத்தது. உனக்கு நாலைந்து கேள்வியில் போனது. அத்தனையும் கணக்கு. முடிவு வந்த அன்று என்னைவிட நீதான் அதிகமாகச் சந்தோஷப்பட்டாய். பென்ஷன்காரர்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, "எங்கூடப் படிச்ச பொண்ணு" என்று காட்டினாய். மறுமாதம் ஷூ கம்பெனி வேனில் ஏறினாய். நான் விழுப்புரத்தில் இளநிலை உதவியாளராக உட்கார்ந்தேன்.

உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்த பிறகு, மத்தியான இடைவேளையில் ஓடி வந்து உன் கட்டில் பக்கத்தில் நிற்பேன். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை முறை வாயைத் திறந்தேன் தெரியுமா? ஒரு நாள், "அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேவிட்டேன். நீ என் கையைத் தட்டி, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். ஜெனியை மட்டும் அப்பப்ப வந்து பாத்துக்கோ" என்றாய். நீ பயத்தில் பேசுகிறாய் என்று நினைத்தேன். சொல்லாமல் தப்பித்தோம் என்று ஆறுதல்கூடப் பட்டேன். அதற்கப்புறம் பதினோரு நாள்தான் இருந்தாய்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அட்டை வாங்கியதும் ஜெனி நேராகக் குழந்தைகள் பகுதிக்குப் போனாள். ஏழாவது படிக்கிறாள், உயரமாகிவிட்டாள். கடைசித் தட்டின் முன்னால் உட்கார்ந்து படக்கதைகளை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சித்தி, இங்கதான் ஒரு குண்டு புக்கு இருந்துச்சி. ரெண்டாவது படிக்கும்போது அம்மா ஞாயித்துக்கிழமை இங்க கூட்டிக்கினு வருவாங்க இல்ல, அப்ப நான்தான் கண்டுபிடிச்சேன்."

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா கிட்ட காட்டினியா?"

"ம். அம்மா அதைத்தான் தேடிக்கினு இருந்தாங்களாம். எடுத்துப் பிரிச்சாங்க. உள்ள ஒரு பஸ் டிக்கெட்டு. அதுக்குப் பின்னால பொடிப்பொடியா கணக்கு போட்டிருந்துச்சி. அதையே ரொம்ப நேரம் பாத்துக்கினு இருந்தாங்க. அப்புறம் இருந்த எடத்துலயே வெச்சிட்டு, வாடி போலாம்னாங்க. எடுத்துக்கலயாம்மான்னு கேட்டேன். வேணாம், வெச்சவங்க வந்து தேடுவாங்கன்னாங்க."

என் ஊர் கூட்டேரிப்பட்டிலிருந்து வருகிற பஸ் டிக்கெட்டின் பின்னால் பொடிப்பொடியாகக் கணக்குப் போடுகிறவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். உனக்கு என் கையெழுத்து தெரியும். அந்த ஒரு வாரம் ஜெனிக்குக் காய்ச்சலே இல்லை, அக்கா. நீ வீட்டில் உட்கார்ந்து என்ன நினைத்தாய்? அழுதாயா? தெரிந்துகொண்டே திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, மிட்டாய் கொடுத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் என் வாயையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறாய். சத்தம் போட்டிருக்கலாமே. என் பையைத் தூக்கி ரோட்டில் வீசியிருக்கலாமே.

நூலகத்தை விட்டு வெளியே வந்ததும் ஜெனியிடம் சொன்னேன். "அந்தப் புக்கை ஒளிச்சு வெச்சது நான்தாம்மா."

அவள் நின்றுவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் புக்கு படிக்கக் கெடச்சிருந்தா அம்மா பாஸ் பண்ணியிருப்பாங்களா சித்தி?"

தெரியலம்மா என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன்னிடம் சொல்லிப் பழகிய வார்த்தை அல்லவா அது. விழுங்கிக்கொண்டேன்.

"பண்ணியிருப்பாங்க" என்றேன்.

என் கையிலிருந்து அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் எனக்கு முன்னாலேயே விறுவிறுவென்று நடந்தாள். வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனவள், போய்ட்டு வர்றேன் என்று நான் சொன்னதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் மாமியார்தான் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவேன், அக்கா. அவள் கதவைச் சாத்தினாலும் போவேன். என்மேல் கோபப்பட உனக்கு உரிமை இருந்தது. ஒரு நாள்கூட அதைக் காட்டாமல் போய்விட்டாய். உன் மகளாவது காட்டட்டும். எத்தனை வருஷம் காட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.