கார்டா? எத்தன ஜி.எஸ்.எம்.?

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்தே அனல் காற்று. ஏசி ரிப்பேர். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியின் வாணவெடிப் பெட்டிக்கு லேபிள் டிசைன் முடிந்தது. அதே பெட்டி திரையில் திறந்து வெடிக்கிற மாதிரி வீடியோவும் வேண்டுமாம், வியாழனுக்குள். லேபிள் போட்டே சலித்த எனக்கு முதல் 3டி வேலை. யாருக்கும் விட்டுத் தர மாட்டேன்.

பெட்டி திறக்கிறது. பொறி கிளம்பும் இடத்தில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும். சனியன்.

வாங்க: எலுமிச்சை, அம்மா மாத்திரை.

ஜூன் 10, செவ்வாய்
தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று பிரஸ் முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"கார்டா? எத்தன ஜி.எஸ்.எம்.?"

அட்டையின் கனம் கேட்கிறார்! கல்யாணப் பத்திரிகை அடித்தே முன்னுக்கு வந்தவர். கார்டு என்றால் அவருக்கு அட்டைதான். உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ், கம்ப்யூட்டரின் மெமரியில் பங்கு கேட்கும். லேபிள் போட அது தாராளம். இந்த வேலைக்குச் சொந்த மெமரியோடு தனி கார்டு வேண்டும். விளக்கி விளக்கி வாய் வலித்தது.

"அண்ணாச்சி, அச்சடிக்கிற மெஷின்லயேவா பேப்பர் வெட்டுறீக? கட்டிங்குக்குத் தனியாத்தான வச்சிருக்கீக?"

"அப்படிச் சொல்லு தாயி. வாங்கிருவோம். ஆனா ஓடலைன்னா வீடியோ வேலை மதுரைக்காரங்களுக்குப் போயிரும், பாத்துக்க."

ஜூன் 11, புதன்
கார்டு வந்தது. சர்வீஸ்காரர் மாட்டிவிட்டுப் போனார். சாப்பிடக்கூடப் போகாமல் ஓட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றது.

"என்னம்மா, புஸ்வாணமாப் போச்சு?" பின்னால் அண்ணாச்சி. பைண்டிங் அக்காமார் சிரித்தது காதில் விழுந்தது. நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ?

சர்வீஸ்காரர் போனை எடுக்கவில்லை. எலுமிச்சை மறந்தாச்சு.

ஜூன் 12, வியாழன்
காலையிலேயே வீடியோ வேலை மதுரைக்குப் போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதியம், வெறுப்பில், கம்ப்யூட்டரின் பின்பக்கம் தூசி துடைத்தேன். மானிட்டர் வயர் இன்னும் பழைய இடத்திலேயே! கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, நேற்று முழுக்க உள் கிராபிக்ஸ்தான் மூச்சு வாங்கியிருக்கிறது. அந்த ஆள் மட்டும் கையில் கிடைக்கட்டும். நானாவது குனிந்து பார்த்திருக்கலாம்.

வயரைக் கார்டில் மாற்றிச் செருகினேன். பெட்டி திறந்தது. திரை முழுக்கப் பொறி. நிற்கவே இல்லை. ஓடிப்போய் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன்.

"இம்புட்டு வேகமா ஓடுதே!"

"ஆமா அண்ணாச்சி. இனி எல்லா கம்பெனி வீடியோவும் இங்கனயே…"

"நல்லதாப் போச்சு. பில் போடுற கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுதுன்னு மருமகன் பொலம்பிக்கிட்டே இருந்தாரு. இத அங்கன தூக்கி வச்சிரச் சொல்லுதேன்."

தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அந்தப் பழைய பில் கம்ப்யூட்டர்.