நெப்டியூன் வரை படித்த இங்கிலீஷ்

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் இருமல் விட்டதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்தான், கவலை வேண்டாம்.

ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடந்ததல்லவா? டீச்சரிடம் இருந்தது சூரியனைச் சுற்றும் கிரகங்களின் படம் ஒன்றுதான். ஹாட், கோல்ட், பிக், ஸ்மால், ஃபார் எல்லாம் அதை வைத்தே படித்தோம். தேறினால் மாடியில் வார்டு வேலை. அங்கே ஜன்னல் உண்டு.

நேற்று பரீட்சை. அதிகாரி குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். பாப்பா ஸ்மால், வீடு வெரி ஃபார், நான் வெரி கோல்ட் என்றேன். நீங்கள் பிக் என்றதும் அவரே சிரித்துவிட்டார். பிறகு ஏதோ கேட்டார். புரியாமல் நெப்டியூன் என்றேன். ஃபெயில். இனி வகுப்பும் கிடையாதாம்.

பின்னால் வரிசையில் நின்ற, என்னோடு துணி துவைக்கிற நம்மூர் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்: "நீ எப்போ ஊருக்குத் திரும்பப் போறேன்னுதான்டி கேட்டாரு!"

யாராவது இங்கே வந்தால் முதுகுக்குத் தைலமும் பாப்பாவின் பழைய சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

மெஷின் கத்துகிறது, முடிக்கிறேன். அந்தக் கேள்வியை அவர் தமிழிலேயே கேட்டிருந்தாலும் நான் முழித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

பாப்பாவின் அம்மா