இருபது மணி நேரச் சீட்டு

ஜனவரி 9
இன்று ஹோட்டலில் நறுக்கியது வெங்காயம் மட்டும் இரண்டு மூட்டை. கண் எரிச்சலோடுதான் விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் அக்காவிடம் போனேன். ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் இந்த நாட்டுக்கு அழைக்க, குடும்பத்துக்குப் போதுமான வருமானம் காட்டும் ஆறு மாதச் சம்பளச் சீட்டு வேண்டுமாம். என் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "வாரத்துக்கு இருபது மணி நேரந்தான் வேலையா தம்பி? இது உங்க ஒருத்தர் சாப்பாட்டுக்கே பத்தாதே" என்றார்.

அறுபது மணி நேரம் அடுப்படியில் வேகிறேன் அக்கா! மீதி நாற்பதுக்கும் கணக்கில் வராமல் கவரில் காசாக வாங்குகிறேன். எப்படிச் சொல்வேன்?

ஜூன் 14 மகளுக்குப் பதினெட்டு முடிகிறது. பதினெட்டு முடிந்த பிள்ளையைக் குடும்பமாகச் சேர்க்க மாட்டார்களாம்; அதற்குள் விண்ணப்பம் போகாவிட்டால் அவள் வரவே முடியாது.

ஜனவரி 10
யாரைத் திட்ட? "சீட்டுல கம்மியா போடுங்க முதலாளி, வரி மிச்சமாகும்" என்று நான்கு வருடத்துக்கு முன் கேட்டது நானேதான். பெரிய கெட்டிக்காரன்.

ஜனவரி 13
முதலாளியிடம் கெஞ்சினேன். "இந்த மாசத்துலேர்ந்து முழுசா போடுறேன். என் பங்கு வரியையும் நீதான் குடுக்கணும்" என்றார். சரி என்றேன். ஆனால் ஆறாவது சீட்டு ஜூன் 30 அன்றுதான் கைக்கு வரும்.

"டிசம்பரையும் மாத்திக் குடுங்க முதலாளி."

"அந்தக் கணக்கு வரி ஆபீசுக்குப் போயாச்சுப்பா."

ஜனவரி 14
பதினாறு நாள். பதினாறே நாள்.

பிப்ரவரி 2
பாத்திரம் கழுவும் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் வரி மாமா. சேர்ந்த நாளிலிருந்தே அத்தனை மணி நேரத்தையும் சீட்டில் போடச் சொன்னவர். 'கவர்மெண்டுக்கு மாப்பிள்ளை' என்று நான் செய்யாத கிண்டலா? போன வருடமே அவர் குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது.

"உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாதுப்பா. கையில காசா குடுத்தா செலவழிச்சிடுவேன். பேங்க்ல போட்டா கொஞ்சம் தங்கும், அதான்."

சிரிப்பதா அழுவதா?

மார்ச் 20
வரி அலுவலகத்துக்கு நானே போய்ச் சொன்னேன். கையில் வாங்கியதற்கும் வரி கட்டுகிறேன், அபராதமும் கட்டுகிறேன், வருமானம் என்று எழுதிக்கொடுங்கள் என்றேன். முதலாளியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். ஓடினேன்.

"கவரா? எந்தக் கவரு?" என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்த்தே.

நான்கு வருடம் அவரே எச்சில் தொட்டு ஒட்டிக்கொடுத்த கவர். கையெழுத்துப் போட்டால் அவர் மாட்டிக்கொள்வார், தெரியும். தெரிந்து என்ன செய்ய? என் பிள்ளை அங்கே இருக்கிறாளே!

மே 25
"அங்க குளிருக்கு எந்த மாதிரி ஸ்வெட்டர்ப்பா வாங்கணும்?" என்று மகள் கேட்டாள். கெட்டியாக வாங்கு என்றேன். பாவி நான்.

ஜூன் 13
சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "அம்மாவ மட்டும் கூப்பிட்டுக்குங்கப்பா, நான் ஹாஸ்டல்ல இருந்துக்கறேன்." போனைப் பிடுங்கி மனைவி சொன்னாள்: "இவள விட்டுட்டு நான் வரமாட்டேன். இனிமே இதப்பத்திப் பேசாதீங்க."

ஜூன் 14
பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். புது ஸ்வெட்டரைப் போட்டுப் படம் அனுப்பியிருக்கிறாள், அந்த வெயிலில்.

வேலைக்கு வந்தால் வரி அலுவலகத்திலிருந்து கடிதம். சென்ற ஆண்டு எனக்கு வருமானம் குறைவு, வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை. வருடா வருடம் இந்தக் கடிதம் வந்ததும் அடுப்படி முழுக்க டீ வாங்கிக்கொடுப்பேன். இன்று வரி மாமாதான் போய் எல்லோருக்கும் வாங்கி வந்தார். எனக்குச் சர்க்கரை கூடப் போடச் சொல்லியிருந்தார்.