மூன்றாம் புத்தகத்தில் இல்லாத மன்னிப்பு

என் பிரியமுள்ள மாப்பிள்ளை காதருக்கு,

இது நானே எழுதுவது. எழுபத்தொரு வயதில் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். நன்னிலம் பஸ்ஸில் ஊர்ப் பெயரை நானே படித்து ஏறுகிறேன். கண்டக்டரைக் கேட்பதில்லை. இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆயிற்று. சந்தோஷம் சொல்ல மட்டும் எழுதவில்லை, மாப்பிள்ளை. உன்மேல் எனக்குச் சந்தேகம்.

உன் ஜவுளிக்கடை ஷட்டரை மதியம் பாதி இறக்கிவிட்டு நீ எனக்குப் படித்துக் காட்டினாயே, சிறகுள்ள காளையில் பறக்கும் ஆழியன் என்ற பையனின் கதை. மொத்தம் ஏழு புத்தகம். ஐந்தாவதில் பாதி படிக்கும்போது நீ கண்ணை மூடிவிட்டாய். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி நூர்ஜஹான், ஏழையும் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். முதலிலிருந்து நானே படித்தேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்.

முதல் புத்தகத்தில் ஆழியன் மூர்க்கன். தோற்றால் காளையை அடிக்கிறான். இரண்டாவதில் அந்தக் காளையின் காலுக்குக் கட்டுப் போடும்போது முதல் தடவையாக அழுகிறான். அதுவரை நீ சொன்னதும் அச்சில் இருப்பதும் ஒன்றுதான்.

மூன்றாவதில் அவன் தம்பி காயத்தோடு ஒரு கோட்டையில் கிடக்கிறான். நீ படித்தபோது ஆழியன் காளையை இறக்கினான். "தம்பி, தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு. என் பங்கை நான் முதல்ல சொல்லிடறேன்" என்றான். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். நீ பார்த்தாய்.

மறுநாள் காலை நான் என் தம்பி மாரிமுத்து வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷம் பேசாதவன் வீட்டுக்கு. தண்ணீர் இல்லாத வருஷத்தில் அவன் முறை அன்று நான் மடையை அடைத்தேன். அவன் நாற்றங்கால் காய்ந்தது. அவன் மண்வெட்டிக் காம்பால் என் தோளில் அடித்தான். வாசலில் நின்று என் பங்கை முதலில் சொன்னேன்.

இப்போது மூன்றாவதை இரண்டு தடவை படித்துவிட்டேன். அதில் ஆழியன் இறங்கவே இல்லை. கோட்டைக்கு மேலே பறந்து போய்விடுகிறான்.

அப்படியானால் நான் எதை நம்பிப் போனேன்? இன்னும் எதையெல்லாம் மாற்றினாய்? என்னை வைத்து யாராவது ஆடினார்களா?

முதலில் மாரிமுத்துவைப் பிடித்தேன். "நீதான் காதர்கிட்ட சொல்லி வச்சியா?"

"எனக்கும் அவருக்கும் என்ன பேச்சு? நான் துணி எடுக்கறதே நீடாமங்கலத்துல."

"அப்பறம் அன்னிக்கு நான் வந்தப்ப சட்டை போட்டுக்கிட்டு தயாரா உக்காந்திருந்தியே?"

"என் வீட்டுல சட்டை போட்டுக்கிட்டு உக்கார உன்னக் கேக்கணுமாண்ணே?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னமும் எனக்குத் தெளியவில்லை.

பிறகு நூர்ஜஹானிடம் போனேன். டீ கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"அன்னிக்கு அவங்க கண்ணாடியக் கழட்டி வச்சிட்டுல்ல படிச்சாங்க. அது இல்லாம அவங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாதே. நீங்க பாக்கலயாண்ணே? சாப்பாடு கொண்டு வந்த நானே பாத்தேன்."

"ஏன் தங்கச்சி அப்படிப் பண்ணான்?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அன்னிக்குக் காலையிலதான் தஞ்சாவூர் டாக்டரப் பாத்துட்டு வந்தோம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

டீ ஆறிப்போயிற்று. அதைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நாலாவதிலும் ஐந்தாவதிலும் ஆழியன் கர்வத்தில் எல்லாரையும் இழக்கிறான். ஆறாவதில் பேச ஆளில்லாமல் காளையிடம் பேசுகிறான். போன வாரம் ஏழாவதை முடித்தேன், மாப்பிள்ளை. கடைசிக்கு முந்தின அத்தியாயம். தம்பி கிடக்கும் இடத்துக்கு ஆழியன் வருகிறான், காளையை இறக்குகிறான், அதே வார்த்தையைச் சொல்கிறான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

எழுதியவர் ஆறு மாதச் சம்பா விதைத்திருக்கிறார். நீ அதை மூன்று மாதக் குறுவையாக அறுத்துவிட்டாய். அந்தப் பையன் நாலு புத்தகம் அலைந்து பட்டுத் தெரிந்துகொண்டதை எனக்கு ஒரே மதியத்தில் கொடுத்தாய். ஏழாவது வரைக்கும் உனக்கு நாள் இல்லை என்று அன்று காலையிலேயே உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து டீயில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு நீ என்ன நினைத்தாய்?

ஒரு சேதி. இப்போது மாரிமுத்துவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது. மூன்று வருஷமாக அவன் மகளோடு பேசுவதில்லை. தானாகக் கல்யாணம் செய்துகொண்டு பாபநாசத்தில் இருக்கிறாள். அவள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். முதல் புத்தகம் முடியப் போகிறது. நடுவில் நிறுத்தி, "இது நெஜமாவே அதுல இருக்கா?" என்று எட்டிப் பார்க்கிறான். பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, படி" என்கிறான்.

அவனுக்கு அறுபத்தெட்டு வயது. எனக்கும் ஏழாவது வரை நாள் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மாப்பிள்ளை. இரண்டாம் புத்தகம் பாதி வருவதற்குள் ஆழியன் இறங்குவான். அன்று நான் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன்.

உன்னை இன்னமும் முழுசாக நம்பாத,
உன் மச்சான்
வைத்தியலிங்கம்
(என் கையெழுத்து)