நிமிர்ந்தால் மட்டும் வரும் மூச்சு

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் அன்பான கிரேஸ் அக்காவுக்கு,

ஹெலன் வணக்கத்துடன் எழுதுவது. நாக்பூரில் வெயில் தணிந்ததா? அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்கள் தம்பி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

கொஞ்ச நாளாக அவருக்கு இளைப்பு. இரும்பாலையில் மேஸ்திரி வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க டாக்டர் சான்று கேட்டார்கள். என்னை வரவேண்டாம் என்று தனியாகப் போய், ஒரு பரிசோதனைச் சீட்டோடு திரும்பினார். வெறும் சளி என்றார். நான் சீட்டை வாங்கிப் படித்தேன்.

மிரட்டும் சொற்கள்தான். பிரித்துப் பார்த்தால் எளிது. 'ப்னியா' என்றால் மூச்சு. தளர்நடை, விரைநடை என்கிறோமே, அதுபோல முன்னால் நிற்பது எப்படிப்பட்ட மூச்சு என்று சொல்கிறது. 'டிஸ்ப்னியா' சிரமப்படும் மூச்சு, 'டாக்கிப்னியா' வேக மூச்சு. இரண்டுக்கும் டாக்டர் டிக் போட்டிருந்தார். மூன்றாவது 'ஆர்த்தோப்னியா'. ஆர்த்தோ என்றதும் எனக்கு எலும்பு டாக்டர்தான் நினைவுக்கு வந்தார். மருந்துக்கடை சோனியாவைக் கேட்டேன். 'நிமிர்ந்து' என்று பொருளாம். படுத்தால் திணறும், உட்கார்ந்தால்தான் சீராகும். அதற்குப் பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

அக்கா, உங்கள் தம்பி படுத்துத் தூங்கிப் பல வாரமாகிறது. சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குகிறார். ஏன் மறைத்தீர்கள் என்றால் சிரிக்கிறார்.

"படுத்தா மூச்சு முட்டுதான்னு கேட்டாரு. நான் எங்க படுக்குறேன்? சாஞ்சிக்கினுதானே தூங்குறேன். அதான் இல்லன்னுட்டேன்."

இதயக் கோளாறாகவும் இருக்கலாம், டாக்டரிடம் மறைக்கவே கூடாது என்கிறாள் சோனியா. அவரோ, நீ வாயைத் திறந்தால் என் வேலை போகும், ஊட்ல குந்திக்கினு நான் இன்னா பண்றது என்கிறார். புதன்கிழமை சான்று கைக்கு வந்துவிடும். மறுநாள் மறுபடியும் உலைப் பக்கம் நிற்பார். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இதை எழுதும்போதே பலமுறை எழுந்துபோய் அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நாளைக் காலை அவருக்குத் தெரியாமல் டாக்டரிடம் போகிறேன். உள்ளதைச் சொல்லிவிடுவேன். கடிதம் உங்களிடம் வருவதற்குள் அவர் என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பார். உங்களுக்குப் போன் செய்து புகார் சொல்வார். சொல்லி முடிக்கட்டும். பிறகு, ஹெலன் செய்தது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

இனிமேல் சாப்பிட்டியா என்று அவரிடம் கேட்க வேண்டாம், அக்கா. படுத்துத் தூங்கினியா என்று கேளுங்கள். ஆமாம் என்று அவர் மெய்யாகவே சொல்லும் நாளுக்காக ஜெபியுங்கள்.

உங்கள் அன்புள்ள,
ஹெலன்